ஜவ்வாது மலைக்கு ட்ரெக்கிங் போறீங்களா? காவலூர் காட்டுக்குள் கால் வைக்கும் முன் இதைப் படிங்க!

சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு லேப்டாப்பை மூடிவிட்டு ரயில் ஏறினால், சனிக்கிழமை காலை டீ குடிக்கும்போது எதிரே மலை நிற்கும். வாணியம்பாடி, ஆலங்காயம், அதைத் தாண்டினால் காவலூர். ஜவ்வாது மலையின் இந்தப் பக்கம் சமீப காலமாக ரீல்ஸில் அடிக்கடி தலைகாட்டுகிறது. பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவு, பின்னணியில் இளையராஜா. கமென்ட் பகுதிக்குப் போனால் திரும்பத் திரும்ப மூன்றே கேள்விகள்: "என்ட்ரி டிக்கெட் எவ்ளோ?", "சஃபாரி இருக்கா?", "என்ன அனிமல்ஸ் பாக்கலாம்?"

கேட்பவர்கள் மேல் தப்பில்லை. முதுமலை, பந்திப்பூர் என்று தேசியப் பூங்காக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வரும் இயல்பான கேள்விகள்தான் அவை. ஆனால் ஜவ்வாது மலை தேசியப் பூங்கா கிடையாது. இதைத் தெரிந்துகொள்வது பொது அறிவுக்காக மட்டும் இல்லை. அங்கே நீங்கள் எங்கே நடக்கலாம், எப்போது நடக்கலாம், ஏதாவது ஆனால் யார் வருவார்கள் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே இருக்கிறது.

பூங்கா இல்லை என்றால், பிறகு என்ன?

தமிழ்நாட்டில் மொத்தம் 5 தேசியப் பூங்காக்கள். கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி. இதில் மலையேறிப் பார்க்கும் ரகம் என்றால் கடைசி மூன்றும்தான். மூன்றுமே மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், கொல்லி, சேர்வராயன் என்று நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றுகூட தேசியப் பூங்கா இல்லை. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன; அவையும் 2014, 2022 என்று சமீபத்தில் வந்தவைதான்.

திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் காடு, பெரும்பகுதி காப்புக்காடு. அதாவது ரிசர்வ் ஃபாரஸ்ட். நடுநடுவே மலைக் கிராமங்கள், பட்டா நிலம், சாமை வயல், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் உண்டு. ஒரே சாலையில் 10 நிமிடம் போனால் ஊர், காடு, ஊர், காடு என்று மாறி மாறி வரும். எது யாருடைய நிலம் என்று வெளியாளுக்குத் தெரியாது.

தேசியப் பூங்கா என்றால் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட இடம். வாசல் இருக்கும், நேரம் இருக்கும், வண்டி இருக்கும். உள்ளே எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒருவர் நோட்டில் எழுதுவார். காப்புக்காடு அதைவிடப் பழைய சட்டத்தில் வருகிறது. 1882-ம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த மெட்ராஸ் வனச் சட்டம், இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது அத்துமீறல். ஒரு மரத்தை வெட்டியிருக்க வேண்டாம், ஒரு முயலைத் தொட்டிருக்க வேண்டாம். சும்மா நடந்தாலே போதும், வனத்துறை உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

ஆனால் இங்கே வாசல் கிடையாது. சாலையோரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, கூகுள் மேப்பில் தெரியும் மெல்லிய கோட்டைப் பிடித்து நடந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். அந்தக் கோடு மாடு போகும் தடமாக இருக்கலாம், மழைநீர் வடியும் ஓடையாக இருக்கலாம். கேட் இல்லாததைப் பார்த்து "ஃப்ரீ என்ட்ரி" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே போனவர் திரும்பினாரா என்று எண்ணிப் பார்க்க அங்கே ஆள் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

குரங்கணி ஞாபகம் இருக்கிறதா?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு பக்கத்திலிருந்தும் மலையேற வந்த குழுக்கள் அதில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இளைஞர்கள், ஐடி வேலை, மகளிர் தின வார இறுதி, தோளில் ஒரு பை. இதைப் படிக்கும் பலருடைய வயதுதான் அவர்களுக்கும்.

அதுவும் தேசியப் பூங்காவின் சஃபாரிப் பகுதி இல்லை, போடி மலைக்காடு. முறையான அனுமதி இருந்ததா, வழி தெரிந்தவர் உடன் இருந்தாரா, தீ பிடிக்கும் பருவத்தில் ஏன் போனார்கள் என்ற கேள்விகள் எல்லாம் பிறகுதான் எழுந்தன. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. வனப்பகுதியில் நடக்க முன் அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும், தீக்காலத்தில் கிடையாது என்பது இன்று "அறிவுரை" இல்லை, விதி.

ஜவ்வாது மலையைப் பற்றிப் பேசும்போது குரங்கணி எதற்கு என்று தோன்றலாம். இரண்டு இடத்திலும் எரிபொருள் ஒன்றுதான். கோடையில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து நிற்கும் புல்லும் உதிர்ந்த இலையும். ஜவ்வாது பெரும்பாலும் இலையுதிர் காடு. தை முடிந்ததும் மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். மாசி, பங்குனியில் காலடி வைத்தால் அப்பளம் போல நொறுங்கும். தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், ஏனென்றால் கீழே எரியும் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். பயத்தில் மனிதர்கள் மேலே ஓடுவார்கள். ஓட வேண்டியது பக்கவாட்டில், பாறை அல்லது ஏற்கெனவே எரிந்து முடிந்த கருநிலத்தை நோக்கி. இதை ஒருமுறையாவது மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீ இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்புகிறது. வனத்துறைக்கு மட்டுமில்லை, பொதுமக்களும் பதிவுசெய்து பெறலாம். கோடையில் எந்த மலைக்குக் கிளம்பினாலும் வானிலை ஆப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வானம் திறக்கும் மாதத்தில் காடு மூடும்

காவலூருக்குப் போகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணம், காவலூரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது காட்டால் இல்லை, வானத்தால்.

கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், சுமார் 100 ஏக்கர் காட்டுக்கு நடுவே இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. தொடங்கியது 1968-ல், கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. 1972-ல் 1 மீட்டர் அளவுள்ள ஜெர்மன் தொலைநோக்கி வந்தது. வந்த கையோடு, வியாழனின் நிலவான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்த நிகழ்வைப் பதிவுசெய்து, அந்த நிலவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயத்தைக் கொடுத்தது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவுசெய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. 1988 பிப்ரவரியில் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தக் கனவைக் கண்ட வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார்.

ஏன் காவலூர்? ஊர் விளக்குகளில் இருந்து தூரம், நில நடுக்கோட்டுக்குக் கிட்டே. 12 டிகிரி சொச்சம் அட்சரேகையில் இருப்பதால், வட இந்தியாவில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும் தென்வானத்தின் பெரும்பகுதி இங்கே தெரியும். தை, மாசி இரவுகளில் தெற்கே பளிச்சென்று நிற்கும் அகத்திய நட்சத்திரத்தைத் தேடவே வேண்டாம்.

இப்போது காலண்டரை எடுங்கள். இந்த மலைக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். இரண்டு பருவத்திலும் மேகம். வானம் தெளிவது ஜனவரியிலிருந்து மே வரை. காடு காய்வதும் அதே மாதங்களில்தான். அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் பாதைகளே 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மூடப்பட்டன. ஆக, நட்சத்திரமும் பார்க்க வேண்டும், காட்டிலும் நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்குக் கிடைப்பது பொங்கலை ஒட்டி ஒரு நான்கைந்து வாரம். அதில் அமாவாசையை ஒட்டிய வார இறுதிகள் என்று பார்த்தால் இன்னும் குறைவு. அருவியில் தண்ணீர் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு: செப்டம்பர் முதல் டிசம்பர். ஏப்ரலில் அருவி பார்க்கப் போய், பாறையைப் படம் எடுத்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

என்ன விலங்கு பார்க்கலாம்?

உண்மையைச் சொன்னால், பகலில் சாலையோரம் நின்று பார்த்தால் குரங்குதான். அதற்கும் நாம் போடும் சிப்ஸ் பாக்கெட்தான் காரணம்.

ஆனால் காடு காலி இல்லை. கரடி, சிறுத்தை, காட்டுமாடு, புள்ளிமான், கேளையாடு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி எல்லாம் இந்த மலைத்தொடரில் உண்டு. (காட்டுமாட்டை 'காட்டெருமை' என்று எழுதுவதே பத்திரிகை வழக்கம். உண்மையில் அது எருமை இனம் இல்லை, மாட்டு இனம். சூழலியல் ஆர்வலர்கள் இதற்காகப் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள், நாமாவது கேட்போம்.)

சஃபாரி ஜீப்பில் விலங்கு வந்து நிற்கும். இங்கே விலங்கு போன பிறகு நீங்கள் வருவீர்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் அதுவே பெரிய அனுபவம். கரையான் புற்று பக்கவாட்டில் உடைந்து, மண் புதிதாக வெளியே சிதறிக் கிடந்தால் கரடி வந்திருக்கிறது. நீண்ட நகத்தால் தோண்டி, மூச்சை இழுத்து கரையானை உறிஞ்சும். தரையில் மயிரோடு வெளுத்துக் காய்ந்த எச்சம் கிடந்தால் சிறுத்தையாக இருக்கலாம். தின்ற விலங்கின் மயிர் அதில் இருக்கும். நீர்நிலையோரச் சேற்றில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம் பெரிதாக இருந்தால் காட்டுமாடு, சிறிதாக இருந்தால் மான் அல்லது பன்றி. மலைக்காரர் ஒருவர் கூட வந்தால் அவர் இதையெல்லாம் நடந்துகொண்டே சொல்லிவிடுவார். தனியாகப் போனால் நீங்கள் அதை மிதித்துக்கொண்டு போவீர்கள்.

இந்த மலையில் பயப்பட வேண்டியது சிறுத்தைக்கு இல்லை, கரடிக்கு. கரடிக்குக் கண்பார்வை சுமார். மோப்பத்தில் மூழ்கி இரை தேடும்போது நீங்கள் வருவதே தெரியாது. பக்கத்தில் வந்து திடீரென்று பார்த்துவிட்டால், தப்பிக்க அது தேர்ந்தெடுக்கும் வழி தாக்குவது. குட்டி முதுகில் இருந்தால் இன்னும் மோசம். அதனால் புதர் மண்டிய பாதையில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது. ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாக ஓடும் 'ட்ரெயில் ரன்னிங்' எல்லாம் இங்கே வேண்டாம். எதிரே பார்த்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடாமல், மெதுவாகப் பின்னால் நகர்ந்து வழிவிடுங்கள். அதிகாலையும் அந்தியும் அதன் நேரம்.

சிறுத்தையைப் பொறுத்தவரை, அது நம்மிடமிருந்து ஒளிந்து வாழ்வதில் கெட்டிக்காரன். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள், கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்தில் சிறுத்தை புகுந்த செய்தி நினைவிருக்கலாம். அங்கிருந்து ஒரு கார் நிறுத்தும் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கார்களுக்குள் மாட்டிய சிலர் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இரவோடு இரவாக மயக்க ஊசி போட்டுப் பிடித்தது வனத்துறை. திருப்பத்தூரைச் சுற்றி ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது. இரண்டு மலைக்கும் நடுவே இருக்கும் சமவெளியில் நாம் ஊர் கட்டிக்கொண்டே போகிறோம். சிறுத்தை கடப்பது பழைய வழியில்தான்.

யானை? 2013 ஆகஸ்டில் 'ஆபரேஷன் மலை' என்ற பெயரில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கும்கிகளை இறக்கி 6 யானைகளைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். பயிர்ச் சேதம், உயிரிழப்பு என்று அதற்கு நியாயங்கள் இருந்தன. இருந்தாலும், ஒரு மலையிலிருந்து யானையை எடுத்துவிட்டு, பிறகு அதே மலைக்கு 'வைல்டுலைஃப் டூரிசம்' என்று போர்டு வைப்பது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது.

பறவை பார்ப்பவர்களுக்கு இந்த மலை ஏமாற்றாது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைச் சரிவுகளை விட்டால் அதிகம் எங்கும் பார்க்க முடியாத மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடித்தான் பலர் இந்தப் பக்கத்து மலைகளுக்கு வருகிறார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி, நீண்ட வெள்ளை வாலை ஆட்டிக்கொண்டு போகும் அரசவால் ஈப்பிடிப்பான், விடியலில் குரல் கொடுக்கும் சாம்பல் காட்டுக்கோழி. வானாய்வக வளாகத்திலேயே மானையும் பல வகைப் பறவைகளையும் பார்த்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. பாம்பும் தேளும்கூட அந்தப் பட்டியலில் உண்டு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இரவில் வண்டி ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலை நடுவே இரண்டு சிவப்புப் புள்ளிகள் மின்னினால் அது பக்கி எனும் இரவுப் பறவை. பகலில் சூடான தாரில் வந்து உட்காரும். கடைசி நொடிவரை எழாது. மலைச்சாலையில் 60-ல் போனால் அது செத்துவிடும். 25-ல் போனால் பறந்துவிடும்.

உங்களுக்கு ட்ரெயில், அவர்களுக்கு ரோடு

ஜவ்வாது மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோர் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று ஊர்களை இன்றும் 'நாடு' என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். சாமை, தேன், புளி, பலா, சீத்தாப்பழம். இவர்களுக்கும் முன்னால் இங்கே மனிதர்கள் இருந்ததற்குச் சாட்சி, ஜமுனாமரத்தூர் பக்கத்தில் நிற்கும் பெருங்கற்காலக் கற்திட்டைகள். ஊர்க்காரர்கள் அவற்றைக் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள். அவற்றின் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காமல் வந்தால் புண்ணியம்.

இந்த மக்கள் வாழும் இடத்தில் சாலை என்பது நாம் நினைக்கும் சாலை இல்லை. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது. உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், அதற்கு மேல் பாதை இல்லை என்று பாதியில் நின்றுவிட்டது. மீதித் தூரத்தை, குழந்தையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு தாய் நடந்தார். நாடே பேசிய படம் அது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், புதூர் நாடு பக்கம் சேம்பறைக் கோயிலுக்கு மலைக் கிராமத்து மக்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள்.

காப்புக்காட்டின் குறுக்கே சாலை போட வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி, மாற்று நிலம், மத்திய அரசின் ஒப்புதல் என்று கோப்பு வருடக்கணக்கில் நகரும். காட்டைக் காப்பாற்ற அந்தக் கெடுபிடி தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வலியோடு இருக்கும் கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் பாதையும், நாம் 'ரா அண்ட் அன்டச்டு ட்ரெயில்' என்று கேப்ஷன் போடும் பாதையும் பல இடங்களில் ஒன்றேதான். அங்கே நடக்கும்போது எதிரே விறகோ மூட்டையோ சுமந்து வருபவருக்கு முதலில் வழிவிடுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். "அண்ணா, இந்தப் பக்கம் போலாமா?" என்று கேட்டால் போகலாமா கூடாதா என்று தெளிவாகச் சொல்வார்கள், பெரும்பாலும் டீயும் கொடுப்பார்கள்.

பாம்புக் கடி உங்களுக்கும் நடக்கலாம். கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. 108-க்கு அழைக்க எந்த மேட்டில் ஏறி நிற்க வேண்டும் என்பது உள்ளூர் வழிகாட்டிக்குத்தான் தெரியும். அவருக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

சரி, முறைப்படி எப்படிப் போவது?

நடப்பதுதான் நோக்கம் என்றால், எளிதான வழி 'ட்ரெக் தமிழ்நாடு'. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசுத் திட்டம். 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, வனத்துறை பயிற்சி கொடுத்த உள்ளூர் வழிகாட்டிகள். திருப்பத்தூர் பக்கத்தில் ஏலகிரி சுவாமிமலை, ஜலகாம்பாறை பாதைகள் இதில் உண்டு. கட்டணம் அதிகம் என்ற புலம்பல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அனுமதி, வழிகாட்டி இரண்டும் அதற்குள் வந்துவிடுகின்றன. 'வாட்ஸ்அப் குரூப் ட்ரெக்' நடத்துபவர்களிடம் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வனத்துறை அனுமதிக் கடிதம் இருக்கா? "அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால், பணத்தை அனுப்ப வேண்டாம்.

இந்தப் பட்டியலில் இல்லாத இடத்தில் நடக்க வேண்டுமென்றால், அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் கேட்க வேண்டும். காவலூர் பக்கம் ஆலங்காயம் சரகம், மேலே ஜமுனாமரத்தூர் சரகம். ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். காட்டுக்குள் டென்ட் போட்டு கேம்ப் ஃபயர் என்ற ஆசை இருந்தால், அதை ஈசிஆர் கடற்கரை ரிசார்ட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

நடக்காமல் பார்க்க மட்டும் என்றால் பிரச்னையே இல்லை. பீமன் மடுவு அருவி, கோமுட்டேரி, அடிவாரத்தில் அமிர்தி எல்லாம் பொதுமக்கள் போகும் இடங்கள்தான். தேசியப் பூங்காவில்தான் நடப்பேன் என்பவர்கள் நீலகிரிக்குப் போய், பார்சன்ஸ் பள்ளத்தாக்கு வழியாக முக்கூர்த்தியை எட்டிப் பார்க்கும் பாதையை முன்பதிவு செய்யலாம். அங்கே வரையாடு தெரிய வாய்ப்பும் உண்டு.

காவலூர் வானாய்வகம் பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில். நேரமும் நடைமுறையும் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். வாணியம்பாடி அல்லது ஜோலார்பேட்டையில் இறங்கி, ஆலங்காயம் வழியாகப் பேருந்தில் போகலாம். மாலைக்குப் பிறகு பேருந்து குறைவு. திரும்பும் வண்டியை மதியமே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் அங்கே இருக்க வாய்ப்பு கிடைத்தால், போன் டார்ச்சை அணைத்து வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு ஃபிளாஷ் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிச்சம் கட்டாயம் வேண்டும் என்றால் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். பரிசுப் பொருள் கடையில் 10, 20 ரூபாய்க்குக் கிடைக்கும் அதே தாள்தான்.